ஏலத்தோட்ட வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: கால் வலியை எப்படிக் கவனிப்பது

விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம் பக்கத்துத் தெருக்களில் ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலை ஏறும் ஜீப்புகள். என் அம்மா இருபத்திரண்டு வருஷம் அதில் போய் வந்தவர். நான் இப்போது கம்பத்துப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்களும் பையன்களும் என்னிடம் வருகிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கால் வலிக்குது."

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு யாராலும் சரியான வைத்தியம் பார்க்க முடியாது. குதிகால் வலிக்கு ஒரு வைத்தியம், கால் ஆணிக்கு ஒன்று, சர்க்கரையால் வரும் எரிச்சலுக்கு வேறொன்று. எல்லாவற்றுக்கும் ஒரே வலி மாத்திரையைப் போட்டால் வலி அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான். "குதிங்கால்ல ஆணி வச்சு அடிச்ச மாதிரி இருக்குத்தா" என்பார். ஒரு வருஷத்துக்கு மேல் காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளை வாங்கி விழுங்கினார். கடைசியில் வயிற்றில் புண் வந்ததுதான் மிச்சம். அதுவரை யாரும் அவர் குதிகாலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

முதல் வேலை: ஒரு விரலால் காட்டுங்கள்

இன்று ராத்திரி கால் கழுவித் துடைத்த பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து, வலிக்கும் இடத்தை ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள். குதிகாலின் அடியா, பின்பக்கமா? விரல்களுக்குக் கீழே இருக்கும் மேடா? கட்டைவிரல் மூட்டா? விரல் இடுக்கா? அப்புறம் எப்போது வலிக்கிறது என்று யோசியுங்கள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலா, சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கும்போதா, ராத்திரி படுத்த பிறகா? உட்கார்ந்திருந்தால் வலி விடுகிறதா, அப்போதும் இருக்கிறதா?

இடம், நேரம் இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு காலில் மட்டுமா, இரண்டிலுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிகால் வலி

தோட்டக்காரர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில், கொஞ்சம் உள்பக்கமாகச் சுரீர் என்று குத்தும். பத்து இருபது அடி நடந்தால் குறையும். ஜீப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் மறுபடி குத்தும். ஊரில் குதிவாதம் என்பார்கள். டாக்டர்கள் எழுதுவது பிளான்டார் ஃபேசியைடிஸ்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் தடித்த நாடா போல ஒரு சவ்வு ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்க நிற்பது, சரிவில் ஏறி இறங்குவது, தேய்ந்த ரப்பர் செருப்பு, உடல் எடை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை, இதெல்லாம் சேர்ந்து அந்தச் சவ்வு எலும்போடு ஒட்டும் இடத்தை இழுத்து இழுத்து நோகச் செய்கின்றன. வீட்டு வேலையோ கடை வேலையோ பார்த்தவர்கள் திடீரென்று மலைச் சரிவில் எட்டு மணி நேரம் நிற்க ஆரம்பித்தால் முதல் இரண்டு மூன்று மாதத்தில் இது தலைகாட்டும்.

எக்ஸ்ரே எடுத்தால் சிலருக்குக் குதிகாலில் முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, "எலும்பு வளந்துருச்சு, அறுக்கணுமாம்" என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் இருக்கிறது. அதை அறுக்கவேண்டிய தேவை மிக மிக அபூர்வம்.

செய்யவேண்டியது இதுதான். காலையில் கண் விழித்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். பாயிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மறு தொடை மேல் போட்டு, ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்கால் பக்கம் இழுங்கள். உள்ளங்காலில் அந்தச் சவ்வு கயிறு போல விறைத்து நிற்பதை மறு கையால் தடவிப் பார்க்கலாம். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடுங்கள். பத்து முறை. அப்புறம் எழுந்து நில்லுங்கள். இதையே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

அடுத்தது கெண்டைக்காலுக்கு. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல் முன்னால் சாயுங்கள். முப்பது எண்ணும் வரை, மூன்று முறை. தோட்டத்தில் சுவர் ஏது என்றால் மரம் இருக்கிறதே.

சாயங்காலம் வீடு வந்ததும், தண்ணீர் ஊற்றி உறைய வைத்த பிளாஸ்டிக் பாட்டிலைத் துணியில் சுற்றித் தரையில் போட்டு, பாதத்தால் பத்து நிமிடம் முன்னும் பின்னும் உருட்டலாம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் சப்பாத்திக் கட்டை போதும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காமல், குதிகால் பக்கம் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை போட்டு மிதிக்கும் வைத்தியத்தை அம்மாவும் செய்தார். சூடு இதமாக இருக்கும், தவறில்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் அதன் பக்கமே போகக்கூடாது. காரணம் கீழே சொல்கிறேன்.

இந்த வலி மெதுவாகத்தான் போகும். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுகிறது, ஆனால் பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அம்மாவுக்கு நாலு மாதம் ஆனது. நான் படிப்பின் இரண்டாம் வருஷத்தில் விடுமுறைக்கு வந்தபோது அவர் குதிகாலை மடியில் வைத்து அழுத்தினேன். சரியான இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அன்று ஆரம்பித்தோம். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி குறையும். அடிக்கடி போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியும், சவ்வு அறுந்தும் போகலாம். அதனால் பயிற்சி செய்து மாதக்கணக்கில் பார்த்த பிறகும் சரியாகாதவர்கள், எலும்பு டாக்டரிடம் கலந்து முடிவெடுக்கவேண்டிய விஷயம் அது.

வலி குதிகாலின் பின்பக்கம், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த நாரில் என்றால் சரிவில் ஏறி ஏறி அந்த நார் நொந்திருக்கிறது. கொஞ்ச நாள் ஏற்றத்தைக் குறைத்து, சுவர்ப் பயிற்சியை மெதுவாகச் செய்யுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்கவே முடியாமல் போனால் நார் அறுந்திருக்கும். அன்றே ஆஸ்பத்திரி.

பூட்ஸ், ஈரம், தோல்

மழைக்காலத்தில் மலையில் நாள் முழுக்கக் கம்பூட்ஸுக்குள் கால் வேகும். விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்து, அரிக்கும். சேற்றுப்புண். கிளாட்ரிமசோல் களிம்பைக் காலை, இரவு இரண்டு வேளையும், நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகு தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தோல் பார்க்கச் சரியான பிறகும் இரண்டு வாரம் தடவினால்தான் பூஞ்சை ஒழியும். இரண்டு ஜோடிப் பருத்திச் சாக்ஸ் வைத்துக்கொண்டு, மதியம் ஒன்றை மாற்றுங்கள். ராத்திரி பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும்.

பூட்ஸ் வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் வீங்கி, அதன் முழு அளவில் இருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். போன வருஷம் ஓர் அக்கா வந்தார். சுண்டுவிரல் ஓரத்தில் இரண்டு ஆணி, குதிகாலில் கொப்புளம். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால் வீட்டுக்காரருடையது, இரண்டு அளவு பெரியது, நுனியில் சேலைத் துணி அடைத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் வழுக்கி அந்தத் துணிமுடிச்சில் இடித்திருக்கிறது. அளவான பூட்ஸ் போட்டபின் ஆணி தானாகவே சின்னதாகிவிட்டது.

கால் ஆணி என்பது ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து தோல் கெட்டியாகி உள்ளே குத்துவது. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சொரசொரப்பான பாதக் கல்லால் மெதுவாகத் தேய்க்கவேண்டும். சாலிசிலிக் அமிலம் தடவிய கார்ன் பிளாஸ்டர் கடையில் கிடைக்கும். பிளேடால் மட்டும் சீவாதீர்கள். நடுவில் கருப்புப் புள்ளிகள் தெரிந்து, மேலிருந்து அழுத்துவதைவிட இரண்டு பக்கமும் கிள்ளினால் அதிகம் வலித்தால் அது ஆணி இல்லை, வைரஸால் வரும் மரு. அதற்குத் தோல் டாக்டரைப் பார்க்கலாம்.

பித்தவெடிப்புக்குக் குளித்த ஈரம் காயும் முன் யூரியா கலந்த களிம்போ வாஸ்லினோ தடவி, சாக்ஸ் போட்டுப் படுங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. எலிக்காய்ச்சல் கிருமி, எலி மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து இந்த மாதிரி வெடிப்பு வழியாக உள்ளே போய்விடும். மழைக்காலத்தில் கேரளத்துச் சுகாதாரப் பணியாளர்கள் சேற்றில் வேலை செய்கிறவர்களுக்கு வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். தோட்டத்துக்கு வந்து கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டை கடித்த இடத்தையும் சொறிந்து புண்ணாக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காய்ச்சல், அதோடு கெண்டைக்காலைத் தொட்டாலே உயிர் போகிற வலி, கண் சிவப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதை "வேலை செஞ்ச அலுப்பு" என்று படுத்துக்கொள்ளக்கூடாது. டாக்டரிடம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

குத்தவைத்து உட்கார்ந்தால்

ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுக்கிறவர்கள் நாள் முழுக்கக் குத்தவைத்தே நகரவேண்டும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு சின்ன எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்தால் அது நசுங்கும். பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், எழுந்து நடந்தால் முன்பாதம் தூக்க வராமல் தரையில் தட்டும், செருப்பு நழுவும். பக்கவாதம் என்று நினைத்து அலறி வந்தவர்கள் இருக்கிறார்கள். நரம்பு நசுங்கியதுதான் என்றால் அநேகமாகச் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் சரியாகிவிடும், ஆனால் அது எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கை, முகமும் சேர்ந்து இழுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

வராமல் தடுக்க, இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்று காலை உதறுங்கள். மேஸ்திரி ஏதாவது சொல்வார் என்று கூச்சப்படவேண்டாம். நிமிர்ந்து நிற்கிற அரை நிமிடத்தில் வேலை குறைந்துவிடாது. ஒரு முழங்காலைச் சாக்கின் மேல் ஊன்றி, மாற்றி மாற்றி உட்காருவது நல்லது.

சுளுக்கு

ஈரச் சரிவில் வழுக்கினால் பாதம் உள்பக்கம் மடங்கிக் கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கும். சித்ரா பௌர்ணமிக்குப் பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறி இறங்கிய மறுநாளும் இதே கதைதான். உடனே செய்யவேண்டியது: பூட்ஸைக் கழற்றுங்கள், துணியில் சுற்றிய ஐஸை கால் மணி நேரம் வையுங்கள், கிரேப் பேண்டேஜ் கட்டிக் காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு நாள் சுளுக்கு வழிக்கக் கூடாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். அப்புறம் வலி பொறுக்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்து, மெதுவாக நடக்க ஆரம்பியுங்கள். வாரக்கணக்கில் படுத்தே இருந்தால் மூட்டு இறுகிவிடும்.

நாலு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் எலும்பு முண்டை அழுத்தினால் அங்கேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடவேண்டும்.

ராத்திரி தூக்கத்தில் திடீரென்று கட்டைவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் போனால் அது சுளுக்கு இல்லை. யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகவே காட்டலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது இருக்கும்.

சர்க்கரை வருஷக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் கெடும். முதலில் இரண்டு உள்ளங்காலும் ராத்திரியில் எரியும், எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு வலியே தெரியாமல் போகும். எனக்குப் பயம் தருவது அந்த வலியில்லாத கால்தான். ஐம்பது வயதுப் பெரியவர் ஒருவர் முழங்கால் வலிக்காக வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது கழறவில்லை. ஓர் ஆணி செருப்பின் அடியைத் துளைத்துப் பாதத்துக்குள் போயிருந்தது. அதோடு நடந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை.

தினமும் ராத்திரி இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலை நீட்டுங்கள். பூட்ஸை மாட்டும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். செங்கல் சூடு, கார்ன் பிளாஸ்டர், பிளேடு மூன்றும் கூடாது. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு வெறுங்காலோடு நடக்கிறவர்கள், சித்திரை வெயிலில் வீரபாண்டிக் கோயிலைச் சுற்றுகிறவர்கள், உங்கள் கால் மரத்திருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். சுடு தரையில் கொப்புளம் வந்ததைக்கூட அறியாமல் போன கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

வருஷம் ஒரு முறை பாதப் பரிசோதனை செய்யவேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். வலிக்காது. உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பு எழுதித் தருவார்கள். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற ரப்பர் அது.

எங்கே போவது, என்ன சொல்வது

வேலை நேரத்தில் மலையில் இருந்தால் நெடுங்கண்டம், கட்டப்பனை தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம். ஊரில் என்றால் கம்பம் அரசு மருத்துவமனை, பெரிய சோதனைகளுக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு.

இடுக்கியில் தமிழ் புரிகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் சில மலையாள வார்த்தைகள் கையிலிருந்தால் சீட்டு எழுதும் இடத்திலிருந்தே வேலை சுலபம். குதிகால் அங்கே உப்பூற்றி, வலி வேதனை. "உப்பூற்றி வேதனை" என்றால் புரிந்துவிடும். "நீருண்டோ?" என்றால் வீக்கம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். மரத்துப்போவது மரவிப்பு, எரிச்சல் புகச்சில், சுளுக்கு உளுக்கு, சேற்றுப்புண் வளங்கடி, முழங்கால் முட்டு, எலும்பு எல்லு. "எத்ர திவசமாயி?" என்பது எத்தனை நாளாக என்ற கேள்வி. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்த ஊசி போட்டாலும் அது என்ன ஊசி என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக்கூடாதவை சில உண்டு. சர்க்கரை உள்ளவரின் காலில் எந்தப் புண்ணும், சின்னதாக இருந்தாலும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலிப்பது, அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறினால் 108தான். விரல் கறுப்பது, பாதம் ஜில்லென்று வெளுப்பது. காய்ச்சலோடு சிவப்பு மேலே ஏறிக்கொண்டே போவது.

மற்றபடி, நாளைக் காலை ஜீப்புக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு ஜோடிக் காய்ந்த சாக்ஸும், துடைக்க ஒரு பழைய துண்டும் பையில் வையுங்கள். அதற்கு முன்னால், பாயை விட்டு இறங்கும் முன், விரல்களைப் பிடித்துப் பத்து எண்ணிவிடுங்கள்.